ஒரே பல், பதினொரு கட்டுரை

"அந்தப் பல்லை எடுத்துட்டா அப்புறம் கட்டுரையில என்னடி மிச்சம் இருக்கும்? வெறும் ஈறுதான்!"

அம்மா சிர்வார்த் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகூட ஒரு தரம் நடுங்கியிருக்கும். ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். க்ளெண்டேலில் அந்த வெயிலில் யார் வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்காது. கீழே கார் நிறுத்துமிடத்தில் நார்திப் பலகையாட்டம் ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் பகடையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். சண்டை என்று வந்துவிட்டால் ஆட்டம் காத்திருக்கும், அதில் ஒன்றும் தப்பில்லை.

"எடுத்தே ஆகணும்மா. அது என் பல்லு இல்ல," என்றாள் நாஸெலி.

"உன் பல்லுன்னு யாரு சொன்னா? உங்கப்பாவோட பெரியப்பா பல்லு!"

"அப்பாவுக்குப் பெரியப்பாவே கிடையாது. அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

அப்பா ஸாவென் தன் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அந்த மனிதர் முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்.

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில் மேசையின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அருஸ்யாக். மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது, கை லேப்டாப்பின் மேல் இருந்தது. அம்மா கத்தக் கத்த, நாஸெலியின் கண் அந்தக் கையின் மேலேயே இருந்தது.

அருஸ்யாக் சாதாரண விருந்தாளி இல்லை, கவோர் வீட்டு அம்மாள். ஸாவென் கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் சிலுவை பிடித்து நின்றவரும், நாஸெலியின் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியவரும் அவருடைய கணவர். அப்படி நின்றவர்தான் கவோர். பெற்ற தாயோடு காலையில் சண்டை போட்டுச் சாயங்காலம் சேர்ந்து சாப்பிடலாம். கவோர் வீட்டோடு மனஸ்தாபம் வந்தால் அது கல்லறை வரை கூட வரும். போதாக்குறைக்கு அவர்கள் குடியிருப்பதோ நேர் மேல்மாடி. நாஸெலி வீட்டில் வெங்காயம் வதக்கினால் அருஸ்யாக் வீட்டில் மணக்கும்.

சொந்த நாட்டில், கியும்ரி நகரத்தில் பன்னிரண்டு வருஷம் இலக்கிய ஆசிரியையாக இருந்தவர் அவர். இங்கே வந்த பிறகு கட்டடத்தில் யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள். குடியுரிமை மனுவா, இரங்கல் கடிதமா, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனுக்குப் புகாரா, எல்லாவற்றுக்கும் அருஸ்யாக். அகராதியைப் படித்துக் கற்ற ஆங்கிலம் அது. நடு வெயிலிலும் கோட்டு, டை, தொப்பியோடு நடக்கும். விருந்து மேசையில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல எழுந்தார் என்றால் ஆம்பிளைகளே வாயை மூடிக்கொள்வார்கள். முதலில் மலைக்கு ஒரு வாழ்த்து, பிறகு முன்னோருக்கு, பிறகு வீட்டாருக்கு, கடைசியில் கேட்பவர் கண்ணில் ஒரு சொட்டு நீர். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

வந்த வினை என்னவென்றால், பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் கட்டுரையையும் அவர் அப்படித்தான் எழுதினார். மலை, முன்னோர், கல்லூரியின் பெருமை. கடைசியில் அந்தப் பல்.

கியும்ரியில் நிலநடுக்கம் வந்த அந்த டிசம்பரில், பனிக்குள் கூடாரம் போட்டுக் கிடந்தபோது, பெரியப்பாவுக்குச் சொத்தைப் பல் வலி. மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இடுக்கியால் பிடுங்கினார்கள். ரத்தம் பனியில் விழுந்தது. "அன்றே நான் பல் மருத்துவராவதென்று சபதமேற்றேன்." இதுதான் கதை. நாஸெலி பிறந்ததோ அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இங்கே, நல்ல வேனிற்காலத்தில்.

அருஸ்யாக் இந்த ஒரே பல்லை இதுவரை பதினோரு பிள்ளைகளுக்குப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். பத்துப் பேருக்கு அது கடைவாய்ப்பல், ஒருவனுக்கு மட்டும் எப்படியோ சிங்கப்பல். பதினோரு பேரில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. அந்த இரண்டு பேரும் வாங்கிய மார்க்குக்கு வெற்றுத்தாளை அனுப்பியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனாலும் பெயர் பல்லுக்குத்தான் போனது.

நாஸெலி போன வருஷம் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்பதிலும் இல்லை என்றுவிட்டார்கள்.

"மார்க் இவ்வளவு இருந்தும் எப்படி?" என்று வீடே திகைத்தது. மார்க்தான் எல்லாம் என்பது நம் ஆட்களின் வேதவாக்கு. முதலில் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக ஒரு விண்ணப்பம் போகும். அது முடிந்ததும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்விகளை அனுப்பிவைக்கும். எங்களிடம் ஏன் வர நினைக்கிறீர்கள், எதில் தோற்றீர்கள், உங்களை விட்டால் எங்களுக்கு என்ன நஷ்டம் என்று. அதற்கு எழுதும் துணைக் கட்டுரைகளை நம்மவர்கள் விருந்துத் தட்டின் ஓரத்தில் செருகும் கொத்தமல்லி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பிரதாயத்துக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் கழுத்து அறுபடுவது அங்கேதான் என்பது நாஸெலிக்குத் தெரிந்தது மே மாதத்தில்.

இல்லை என்ற கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து காரணம் கேட்டாள். ஒரே ஒரு பெண்மணி எடுத்தார்.

"உங்க மார்க்ல ஒரு குறையும் இல்லம்மா," என்றார் அவர். "நாங்க கேட்ட கேள்விக்கு நீங்க எழுதினதுலதான் உங்களைக் காணோம். அஞ்சு கட்டுரை படிச்சேன். நீங்க காபி குடிப்பீங்களா டீ குடிப்பீங்களான்னுகூடத் தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை நான் சொல்லக் கூடாது. அந்தக் கூடாரம், அந்த இடுக்கி... உங்க ஊர்லேர்ந்து எனக்கு வர்றது இது நாலாவது."

அன்றிலிருந்து மூன்று மாதம் அந்த வார்த்தையை நாஸெலி வாயில் மெல்ல முடியாத கறித்துண்டு போல வைத்துக்கொண்டு அலைந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா மேல்மாடியில் சொல்லாமல் இருக்க மாட்டாள். மேல்மாடிக்குத் தெரிந்தால் கவோர் வீட்டு உறவு அறுந்தது. சொல்லாவிட்டால் இந்த வருஷமும் பல்தான்.

இந்த வருஷமும் போனால்? அதையும் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்தார்கள். தாய்மாமன் வஹ்ராம் பல் மருத்துவர், சொந்தக் கிளினிக். நாஸெலி இரண்டு வருஷமாக அங்கேதான் உதவியாளர். நோயாளி வாயில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேலை. கிளினிக்கின் மூன்றாவது அறையில் ஒரு புது நாற்காலி, வாங்கி நாலு வருஷமாகியும் பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் இருந்தது. "அது எங்க அக்கா பொண்ணு டாக்டரா வந்து வேலை செய்யப்போற ரூம்," என்று வஹ்ராம் வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிக்கெல்லாம் காட்டுவார். பாவம், அவர்களால் "அப்படியா" என்றுகூடச் சொல்ல முடியாது. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் அவள் முன்மேசையில் நிரந்தரமாக உட்கார வேண்டும். தரை ஓடு விற்கும் கடைக்காரர் வீட்டிலிருந்து பையனை அழைத்துக்கொண்டு காபி குடிக்க, அதாவது பெண் பார்க்க, வருவார்கள். பையன் நல்லவன்தான். ஓட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச மாட்டான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அருஸ்யாக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "நாஸெலி ஜான்," என்றார், 'கண்ணே' என்பதுபோல, தேனாக. "பல்லு வேண்டாம்னா வேற என்ன வைக்கலாம், நீயே சொல்லு. எழுதிக்கிறேன்."

நாஸெலி வாயைத் திறந்தாள். அம்மா மேசைக்கடியில் அவள் முழங்காலைக் கிள்ளினாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

"பல்லு இருக்கட்டும்."

சிர்வார்த் ஓடிப்போய் இனிப்பு ரொட்டியான கத்தாவை வெட்டிக்கொண்டு வந்தாள். கவோர் வீட்டு அம்மாளுக்குப் பெரிய துண்டு. கீழே பகடை மறுபடி உருண்டது.

அன்று மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. மினசோட்டாவில் ஒரு கல்லூரி, வருஷத்தில் பாதி நாள் பனியில் புதைந்து கிடக்கும் ஊர், கேட்டிருந்தது: "நீங்கள் இரண்டாம் முறையாக விண்ணப்பிக்கிறீர்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையே உங்களிடம் என்ன மாறியிருக்கிறது? முந்நூறு வார்த்தைக்குள்."

"முந்நூறு வார்த்தையா!" அருஸ்யாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "முந்நூறு வார்த்தையில ஒரு மேசையை ஒழுங்கா வாழ்த்தவே முடியாதே. என்ன ஜனங்க இவங்க?" பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "எழுது ஜான். சென்ற ஆண்டை விட என் மன உறுதியென்னும் சிகரம் மேலும் உயர்ந்து, அதன் உச்சியில் தூய வெண்பனி..."

நாஸெலி தட்டச்சு செய்தாள். வேறு என்ன செய்வாள்? அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை இருந்தது, அதற்குக் கதவும் இருந்தது. கால் மணிக்கொரு தரம் அம்மா ஒரு தட்டு ஆப்ரிகாட்டோடு அந்தக் கதவைத் திறந்து, "என்ன பண்றே?" என்பாள். வீட்டில் ஆப்ரிகாட் தீராது. கேள்வியும் தீராது.

ஆகவே அவள் யாருக்கும் தெரியாமல் தன் சொந்தப் பதிலை எழுதியது கிளினிக்கில். மதியம் மாமா சாப்பிடப் போனதும் மூன்றாவது அறைக்குள் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் படுத்துக்கொண்டு போனில் எழுதுவாள். முதல் நாள் விரல் தானாக எழுதியது: "மலையைப் போன்ற என் உறுதி." அழித்தாள். இரண்டாம் நாள், "என் முன்னோர்..." அதையும் அழித்தாள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வாழ்த்துகள் அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா? என்ன மாறியிருக்கிறது? ஒன்றும் மாறவில்லை. அதே குழாய், அதே கோட்டு, அதே கட்டடம். ஐந்தாம் நாள் வேறு எதுவும் தோன்றாமல் அதையே எழுதினாள்: "ஒன்றும் மாறவில்லை." பிளாஸ்டிக் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்தால் பொத்துப்போன பலூன் மாதிரி சத்தம் வரும்.

அன்று சாயங்காலம் அப்பாவோடு காரில் திரும்பும்போது சும்மா கேட்டாள்.

"அப்பா, நீங்க முதமுதல்ல பிடுங்கின பல்லு ஞாபகம் இருக்கா?"

ஸாவென் ஊரில் ஒன்பது வருஷம் பல் மருத்துவராக இருந்தவர். இங்கே அந்தப் பட்டம் செல்லவில்லை. மறுபடி படிக்கக் காசும் இல்லை, காலமும் இல்லை. ஜன்னல் இல்லாத ஒரு லேப்பில் யார் யார் பல்லுக்கோ கேப் செய்துகொண்டிருக்கிறார். இருபத்தேழு வருஷத்தில் பல்லைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பெற்ற மகளும்தான்.

ஒரு சிக்னலைத் தாண்டி வண்டியைத் திருப்பினார். பிறகு, "தப்பான பல்லு," என்றார்.

"என்னது?"

"முதல்ல பிடுங்கினது தப்பான பல்லு. பக்கத்துல இருந்த நல்ல பல்லு. ஆளு யாருன்னு கேளு. போலீஸ்காரன்!"

கட்டடம் வந்துவிட்டது. ஸாவென் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டு போனார். மலைக்கிராமத்து ஆஸ்பத்திரி, உடைந்த விளக்கு, போலீஸ்காரனின் மீசை. இரண்டாம் சுற்றும் ஆயிற்று. மூன்றாவது சுற்றில் பெட்ரோல் விளக்கு எரியவே மனமில்லாமல் உள்ளே திருப்பினார். மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஸாவெனுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். இடம் காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் நாஸெலி ஒரே மூச்சில் எழுதினாள். போன வருஷம் உங்களுக்கு அனுப்பிய பல் என்னுடையது இல்லை. இந்த வருஷமும் நான் அதே இடத்தில், உறை கிழிக்காத ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மாறியது இரண்டே விஷயம். ஊசி போடும்போது நோயாளியின் கை எதையாவது பிடிக்கத் தேடுவதைப் பார்த்தேன். வலது கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இடது கையைக் கொடுக்கப் பழகினேன், மாமா திட்டினாலும். இன்னொன்று, என் அப்பாவிடம் முதல் தடவையாகத் தொழிலைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன முதல் விஷயம் அவர் செய்த தவறு. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு இந்தத் தொழில் நிஜமாகவே வேண்டும் என்று தோன்றியது. இருநூற்றுத் தொண்ணூற்றேழு வார்த்தை. மாமா சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு நுழைவதற்குள் அனுப்பிவிட்டாள்.

மினசோட்டாவுக்கு மட்டும். மற்ற ஒன்பது கல்லூரிக்கும் வீட்டுக் கட்டுரை, அதாவது பல்லோடு. இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. பத்தில் ஒரு பங்குத் துணிச்சல்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் முறைப்படி அனுப்பினார்கள். சிர்வார்த் சிலுவை போட்டாள், அருஸ்யாக் கோப்பையை உயர்த்தினார், ஸாவென் ஒரு விரலால் ஒவ்வொரு கல்லூரிக்கும் பொத்தானை அழுத்தினார். பத்தாவது ஏற்கெனவே போய்விட்டதே! நாஸெலி வேறு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாள். அப்பா அதில் "சேமி" என்பதைப் பக்தியோடு அழுத்தினார். அவளுக்குக் காது மடல் எரிந்தது.

அக்டோபரில் பதில்கள் வந்தன. வந்தன என்ன, ஒன்று வந்தது. மினசோட்டா நேர்காணலுக்கு அழைத்தது, லேப்டாப் வழியாக, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

"பல்லு வேலை செஞ்சிருச்சு!" சிர்வார்த் படிக்கட்டில் நின்று சொன்னது மூன்று மாடிக்கும் கேட்டது. எதிர்வீட்டுக்காரி திராட்சையிலைக்குள் கறி பொதிந்த டோல்மாவை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நேரே மேல்மாடிக்கு ஏறினாள். அவள் மகள் லுசினேயும் விண்ணப்பிக்கப்போகிறாள். "அக்கா, எங்க பொண்ணுக்கும் அந்தப் பல்லை..." அருஸ்யாக் அடக்கமாகச் சிரித்தார். "பார்க்கலாம் ஜான். கொஞ்சம் மாத்தி எழுதணும்." மாடிப்படியில் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற நாஸெலி மேலே இரண்டு படி ஏறினாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் லுசினேயும் பல்லோடு போவாள். திறந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே வீடு இரண்டாகும். வெள்ளிக்கிழமை போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. வீட்டில் வைஃபை ஒழுங்காக எடுப்பது சாப்பாட்டு மேசையில்தான். எல்லோரும் வெளியே போய்விடுவதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். போனார்கள். சமையலறைக்கு. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது மடக்குக் கதவு, தும்மினால் ஆடும். உள்ளே அம்மா, லீவு போட்டுவிட்டு வந்த அப்பா, காபிப் பாத்திரத்தோடு அருஸ்யாக்.

திரையில் வந்தவர் டாக்டர் ஹால்வர்சன். நரைத்த முடி, கம்பளிச் சட்டை, அவசரமே இல்லாத அம்மாள். வணக்கம் சொன்னார், வானிலை பற்றி ஒரு வார்த்தை பேசினார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"நீங்க எழுதினதுல ஒரு வரி. நானே படிக்கிறேன்," என்று உரக்கப் படித்தார். "போன வருஷம் உங்களுக்கு அனுப்பிய பல் என்னுடையது இல்லை."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"அப்போ அது யாரு பல்லு, நாஸெலி? எழுதினது யாரு?"

மடக்குக் கதவின் இடுக்கில் நிழல் அசையவில்லை. நாஸெலி இருதலைக்கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தாள். 'நானே கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். கவோர் வீட்டு மானம் தப்பும். ஆனால் இந்த அம்மாள் தாளை மடித்து வைத்துவிடுவார். உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டியவரே ஆறடி தள்ளி நிற்கிறார். லேப்டாப்பின் ஒலியைக் குறைக்கலாமா என்று ஒரு கணம் கை போனது. குறைத்து என்ன பிரயோசனம்? பதில் சொல்லப்போகும் வாய் அவளுடையது.

"எங்க குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவங்க ஒருத்தங்க எழுதிக் கொடுத்தாங்க," என்றாள். குரல் கதவைத் தாண்டிப் போகும் என்று தெரிந்தே சொன்னாள். "நல்லா எழுதுவாங்க. என்னைவிட நல்லா. தப்பு அவங்க மேல இல்ல. பக்கத்துல உட்கார்ந்து, இது என் கதை இல்லன்னு தெரிஞ்சும், டைப் அடிச்சவ நான். என் பேரைப் போட்டதும் நான்."

டாக்டர் ஹால்வர்சன் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, இடது கையைக் கொடுத்ததும் நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நாஸெலி மணிக்கட்டில் இருந்த நகத்தடத்தைக் காட்டினாள். கடைசியில் கேட்டார்: "அந்தப் போலீஸ்காரர் அப்புறம் என்ன ஆனார்?"

"தெரியாது டாக்டர். அதைச் சொல்றதுக்குள்ள பெட்ரோல் தீர்ந்துபோச்சு."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அரை மணி நேரம் முடிந்தது. திரை இருண்டது.

மடக்குக் கதவு திறந்தது. சிர்வார்த்தான் முதலில் வந்தாள். முகம் பீட்ரூட். "ஏன்டி, உனக்கு ஊட்டி வளர்த்த கையை..."

"சிர்வார்த், நீ சும்மா இரு," என்றார் அருஸ்யாக்.

அவர் மேசை வரை வந்தார். ஒரு விரலால் கன்னத்தை ஒதுக்கி வாயைத் திறந்து காட்டினார். வலது பக்கம், கீழே, கடைவாயில் ஒரு பொத்தல். பக்கத்துப் பற்கள் இரண்டும் அதில் சாய்ந்து கிடந்தன. இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவள் நாஸெலி. பழைய காயம் எது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பெரியப்பாவும் இல்ல, சித்தப்பாவும் இல்ல," என்றார் அருஸ்யாக். "எனக்கு அப்போ இருபத்தாறு வயசு. இடுக்கி பிடிச்சவன் ஒரு லாரி டிரைவர். பிடுங்கிட்டு அவனே மயக்கம் போட்டு விழுந்தான். அதை எந்தக் கட்டுரையிலயும் எழுதல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார்.

"எங்கிட்ட வர்ற பிள்ளைங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு பார்த்தேன். இருந்ததுலயே பெரிசு அதுதான்."

"அத்தை, இதை உங்க பேர்லயே எழுதியிருந்தா, படிச்சவங்க அழுதிருப்பாங்க," என்றாள் நாஸெலி.

"எனக்கு எந்தக் கல்லூரி சீட்டு கொடுக்கப்போகுது?"

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அருஸ்யாக் கீழே இறங்கவில்லை. சிர்வார்த் மகளிடம் "சாப்பிடு", "தட்டைக் கழுவு" என்ற இரண்டைத் தவிர எதுவும் பேசவில்லை. கட்டடமே நுனிக்காலில் நடந்தது. ஸாவென் மட்டும், நேர்காணலுக்கு மறுநாள் காலை காரில் சாவியைத் திருகியபடியே, "திரும்பி வந்தான்," என்றார்.

"யாரு?"

"போலீஸ்காரன். சரியான பல்லைப் பிடுங்கிக்க."

"உங்ககிட்டயேவா?"

"அந்த மலையில வேற டாக்டர் ஏது?"

எதிர்வீட்டுக்காரி மறுபடி ஒரு தட்டோடு மேலே போனாள். இந்தத் தடவை போன வேகத்தில் திரும்பி வந்தாள். "பல்லு தீர்ந்துபோச்சுன்னு சொல்றாங்க!" என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று அங்கலாய்த்தாள். "பதினோரு பேருக்கு இருந்துச்சாம், எங்க பொண்ணுக்கு மட்டும் தீர்ந்துபோச்சாம்!" அருஸ்யாக் லுசினேயைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ பேசு, நான் கேக்கறேன்," என்றாராம். லுசினே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தோன்றியதெல்லாம், பல்லைப் பார்த்தாலே தனக்குக் குமட்டும் என்பதுதான். அம்மாவிடம் சொல்ல வழியில்லாமல் அதுவும் அத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது.

டிசம்பர் நடுவில் மினசோட்டாவிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மற்ற ஒன்பது கல்லூரிகளில் ஆறு இல்லை என்றன, மூன்று பதிலே போடவில்லை. அன்று மேசையில் அருஸ்யாக் வந்து உட்கார்ந்தார். கோப்பையை உயர்த்தினார், "போய்ட்டு வா," என்றார், குடித்தார். அவ்வளவு சின்ன வாழ்த்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அது கோபமா மன்னிப்பா என்று ஆண்கள் இன்றுவரை நார்திப் பலகையைச் சுற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லுசினே விண்ணப்பிக்கவே இல்லை. ஃப்ரெஸ்னோவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஓடு கடைப் பையன் வஹ்ராம் கிளினிக்கின் முன்மேசைக்குப் புதிதாக வந்த பெண்ணை மணந்துகொண்டான். ஓட்டைப் பற்றி அவளும் ஆர்வமாகக் கேட்கிறாள் என்று கேள்வி. அருஸ்யாக்கும் அவர் கணவரும் மகனோடு பர்பேங்குக்குக் குடிபோனார்கள். அங்கே நூலகத்தில் வாரம் ஒருநாள் பெரியவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறாராம். நாஸெலி ஆகஸ்டில் இரண்டு பெட்டியோடு மினசோட்டாவுக்குப் பறந்தாள். தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், ஆப்ரிகாட்டோடு வந்து தட்ட ஆள் இல்லை. ஏழு மாதம் அப்படி இருந்தாள். மார்ச்சில் ஸாவெனுக்கு அந்த ஊரிலேயே ஒரு லேப்பில் வேலை கிடைத்துவிட்டது. சிர்வார்த் இங்கே வீட்டைக் காலி செய்து, சாமான் சட்டியோடு போய், மகள் இருக்கும் கட்டடத்திலேயே, அதே மாடியில், அவள் கதவுக்கு நேர் எதிரே வாடகைக்குப் பிடித்துவிட்டாள்.